ஐந்து கிலோவுக்குக் கீழே

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் குரல் முன்னைப்போல எட்டுவதில்லை. மடியில் பூனை வைத்திருப்பவர்கள் இறக்கிவிட வேண்டாம், அதுவும் கேட்கட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு தரையின் கதை சொல்லுகிறேன். தரைக்கு என்ன கதை என்று சிரிக்காதீர்கள். இந்தத் தரைக்குக் காது உண்டு. காது இருந்தும் பதினோரு வருஷமாகச் சிலர் சொன்னது அதில் ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை, அப்புறம் எப்படி ஏறியது என்பதுதான் கதை. நடுவில் கொஞ்சம் வலிக்கும். என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்.

தூத்துக்குடிக்கு வடக்கே, ஒரு காலத்தில் உப்பளமாக இருந்த நிலத்தில் வெண்சங்கு அடுக்ககம் என்று ஒன்று எழும்பியது. இருபத்திரண்டு மாடி. அறுபது வயது தாண்டியவர்களுக்கு மட்டும் வீடு. பிள்ளைகள் பிழைப்புக்காக நிலாவரைக்கும் போய்விட்ட காலம் அது. தனியாக இருக்கிற பெரியவர்கள் விழுந்துவிட்டால் யார் தூக்குவது? அதற்காகத்தான் அந்தத் தரை. வெங்காயச் சருகு கனத்தில் ஒரு படலத்தை வீடு வீடாக ஒட்டியிருந்தார்கள். உணர்தோல் என்று பெயர். யார் எங்கே கால் வைக்கிறார், எவ்வளவு பாரம், எந்தக் கால் தயங்குகிறது, எல்லாம் அதற்குத் தெரியும். யாராவது விழுந்தால் கீழே தரையறையில் மணி அடிக்கும். நாலு நிமிஷத்துக்குள் நர்ஸ் வாசலில் நிற்பார்.

வாய் பேச முடியாமல் கிடப்பவர்களுக்கு இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். தரையில் மூன்று தட்டு. புதுவீட்டில் பால் காய்ச்சிய கையோடு சொந்தபந்தமெல்லாம் வட்டமாக நின்று, டொம் டொம் டொம் என்று தரையை மிதித்துப் பார்ப்பார்கள். கீழே மணி அடித்துவிட்டது என்று செய்தி வந்ததும் கைதட்டல், அப்புறம் கேசரி. வெண்சங்கில் அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

தரையறையில் முதல் நாளிலிருந்து வேலை பார்த்தவள் அமலி வாஸ். நாற்பத்தாறு வயசு. திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துத் தரையை வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவளுக்கு அது ஒத்துவரவில்லை. கட்டும்போது சோதனைக்குக் கொண்டுவந்த ஒரு கைப்பலகையை யாரோ விட்டுப்போயிருந்தார்கள். தோசைக்கல் அளவு, கறுப்பு. அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் மேலே எந்த வீட்டைக் கேட்கிறோமோ அந்த வீட்டு நடை கையில் வந்து மிதிக்கும். அமலி அதைத்தான் வைத்துக்கொண்டாள். "ஒம்பதாம் மாடி வாத்தியாருக்கு இடது முட்டு பிடிச்சிருக்கு, யாராச்சும் போய்ப் பாருங்க" என்பாள். போய்ப் பார்த்தால் அவர் தைலப் புட்டியைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஆடி மாசம் பதினாறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தாள் சண்முகக்கனி. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவள். இடுப்பெலும்பு மாற்றியாகிவிட்டது, ஊன்றுகோல் இல்லாமல் நகர முடியாது. வேறு எந்தக் கட்டடத்திலும் அவளைத் தனியாக விட மகளுக்கு மனசில்லை. மூன்று தட்டைச் சொல்லிக்கொடுக்க அமலி மேலே போனபோது, மீன்கூடைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இவன் பேரு கருவாடு," என்றாள் சண்முகக்கனி. "கிட்ட போயி மோந்து பாக்காத, அந்த அர்த்தத்துல வைக்கல. அம்புட்டு ஒல்லியா கெடந்தான்."

கருவாடு கூடையை விட்டு இறங்கி, புது அட்டைப்பெட்டியில் முன்னங்கால்களை நீட்டிப் பதித்து, பரபரவென்று பிராண்டிச் சோம்பல் முறித்தான்.

அமலி குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தாள். "அக்கா, இவனுக்கு நகம் இருக்கே."

"பூனைக்கு நகம் இல்லாம கொம்பா இருக்கும்?"

"இங்க நகம் எடுத்த பூனைதான்க்கா இருக்கலாம். குடியிருக்குறவுக சங்கத்துல விதி. வீடு எழுதும்போது காட்டியிருப்பாகளே?"

"முப்பத்தாறு பக்கம் காட்டுனாக. கண்ணு தெரிஞ்ச இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். நகத்த வெட்டணும், அம்புட்டுதானே? நான் மாசம் ரெண்டு தடவ வெட்டத்தான் செய்யுதேன்."

"வெட்டுறது இல்லக்கா. திரும்ப முளைக்காத மாதிரி எடுக்குறது. லேசர்ல. வலிக்காதாம்."

"வலிக்காதுன்னு யாரு சொன்னா? பூனை சொல்லிச்சா?"

அமலி உட்கார்ந்து விதியின் கதையைச் சொன்னாள். வெண்சங்கு திறந்த மூன்றாம் மாசம், நாலாம் மாடியில் ஞானசவுந்தரி என்ற அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பக்கவாதம் வந்து போய்ச்சேர்ந்தாள். சங்கச் செயலாளர் கோயில்பிச்சையின் மனைவி. அவர் அந்த நேரத்தில் கீழே கூட்டத்தில் இருந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவள் வலது கை தொங்கி, விரல்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவள் தட்டியிருப்பாள், கட்டாயம் தட்டியிருப்பாள். மணி மட்டும் அடிக்கவில்லை. தரையைப் பார்த்தால், நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவே உணர்தோல் கிழிந்து நார்நாராகக் கிடந்தது. அவள் வளர்த்த பூனை மக்ரூன் பிராண்டிய கீறல்கள். கிழிந்த இடத்தில் தரைக்குக் காது கிடையாது என்று கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே விதி வந்தது. முதலில் நகம் போனது மக்ரூனுக்கு.

சண்முகக்கனி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். "பாவம் அந்த மனுசன்," என்றாள் பிறகு. "ஆனா ஏட்டி, நீதான் மாடி மாடியா கையை வச்சு எல்லாரும் எப்பிடி நடக்காகன்னு கண்டுபிடிக்கவளாமே. நகம் எடுத்த பூனை எப்பிடி நடக்குன்னு ஒரு நாளாச்சும் பாத்தியா?"

அமலி பார்த்ததே இல்லை. பார்க்க முடியாதபடி செய்தவளே அவள்தான்.

அது இப்படி. வெண்சங்கு திறந்த முதல் மாசம் பூனைகள் ஓடும்போதெல்லாம் மணி அடித்துத் தொலைத்தது. சாப்பாட்டு நேரத்தில் அடிக்கும், பூசை நேரத்தில் அடிக்கும். நர்ஸ்கள் மாடிக்கும் கீழுக்குமாக ஓடி இளைத்துப்போனார்கள். குடியிருப்பவர்கள் புகார்மேல் புகார் எழுதினார்கள். கடைசியில் ஒரு அளவுக்குக் கீழே இருக்கிற பாரத்தையெல்லாம் தரை பொருட்படுத்த வேண்டாம் என்று சங்கத்தில் முடிவானது. எந்த அளவு என்று அமலியைக் கேட்டார்கள். அவள் கட்டடத்திலேயே குண்டுப் பூனையைத் தூக்கி நிறுத்துப் பார்த்து, ஐந்து கிலோ என்று போட்டாள். ஐந்து கிலோவுக்குக் கீழே எல்லாம் தூசி. மணி அடங்கியது, அமலிக்குப் பாராட்டும் கிடைத்தது.

ஆனால் அந்த இயந்திரம் எதையும் தூர எறியும் ஜாதியில்லை. தூசியைத் தூசி என்று பெயரெழுதி ஒரு மூலையில் குவித்துக்கொண்டே வந்திருந்தது. பதினோரு வருஷத் தூசி.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அமலி அந்தக் குவியலைத் திறந்தாள். முதலில் பதினாறாம் மாடி. பலகையில் கையை வைத்தாள். கருவாடு அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தான். மழை தொடங்கும்போது முதல் துளிகள் உள்ளங்கையில் விழுமே, அப்படி. அமலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து ஏழாம் மாடியில் நகம் எடுத்த ஒரு பூனை. கையை வைத்தவள் பலகை கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாம் மாடிப் பூனை. பதினெட்டாம் மாடிப் பூனை. வெண்சங்கில் அப்படி நாற்பத்தொரு பூனைகள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். சித்திரை மாசத்து உச்சி வெயிலில் செருப்பில்லாமல் கடல்மணலில் அகப்பட்டுக்கொண்டவர்கள் எப்படி நடப்பார்கள்? பாதத்தை வைக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல், பின்னுக்கே சாய்ந்து சாய்ந்து. நாற்பத்தொன்றும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. வருஷக்கணக்காக, குளிர்ந்த தரையில்.

பலகையைப் பையில் போட்டுக்கொண்டு அமலி நேரே டாக்டர் மர்யம் பீவியிடம் போனாள். காயல்பட்டினத்துக்காரர், பழைய கால்நடை மருத்துவர். இந்த அறுவையை நிறுத்தச் சொல்லி ஆறு வருஷமாக அவர் போகாத அலுவலகமில்லை. டாக்டர் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இத்தன நாளா எக்ஸ்ரே காட்டினேன், படம் காட்டினேன், எவனும் நம்பல. 'பூனை நல்லாத்தானே சாப்பிடுது'ங்கான்," என்றார். "உன் விரலைக் கொடு, அமலி."

கொடுத்தாள். டாக்டர் அவளுடைய சுட்டுவிரலின் கடைசிக் கணுவை இரண்டு விரலால் பிடித்தார்.

"நமக்கு நகம் சதைமேல இருக்கு. பூனைக்கு எலும்போட சேந்து முளைக்குது. நகம் திரும்ப வரக்கூடாதுன்னா எலும்பை எடுத்தாகணும். இந்தா, இந்த எடத்துல. பத்து விரல்லயும். நகம் எடுக்குறதுன்னு அழகா பேரு வச்சிருக்கான். விரல் வெட்டுறதுன்னு போர்டு எழுதினா ஒருத்தன் வருவானா?"

அமலி விரலை இழுத்துக்கொண்டாள்.

"இதுல பூனை நம்மள மாதிரி முழுப் பாதத்தை ஊன்றி நடக்காது, விரல்லதான் நடக்கும். வெட்டுன விரல்ல நடக்கச் சொன்னா பாரத்தைப் பின்னால தள்ளும், முதுகு போவும். மண்ணுப் பெட்டியில தோண்டினா குத்தும், அதனால கட்டில்ல போயி ஒண்ணுக்கு இருக்கும். நகம் இல்லைன்னா தற்காப்புக்கு என்ன இருக்கு, பல்லுதானே? கடிக்கும். உடனே கெட்ட பூனைன்னு பேரு வச்சிருவான்."

"நீங்க இதைச் செஞ்சதே இல்லையா டாக்டர்?"

மர்யம் பீவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒம்பது செஞ்சேன். முதல் பூனை உங்க மக்ரூன். மனுச உயிரைக் காப்பாத்தன்னு சொன்னாக, செஞ்சேன். அதுங்களை அப்புறம் பாத்துட்டுதான் கத்தியைக் கீழ வச்சேன். என்னைக் கேட்டா, பழைய நடையும் புது நடையும் பக்கத்துல பக்கத்துல காட்டு. வெட்டுறதுக்கு முந்தியும் பிந்தியும் தடம் இருக்குற பூனை எது?"

விதி வருமுன் இருந்த பூனைகளில் இன்னும் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்றுதான். மக்ரூன்.

மறுநாள் காலையில் அமலி நாலாம் மாடித் தூசியைப் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே போனாள். பழைய மக்ரூன் மழையாகத்தான் நடந்திருந்தது. ஓடியது, எகிறியது, ஜன்னல் விளிம்பிலிருந்து நாலு பாதமாக வந்து இறங்கியது. ஞானசவுந்தரி செத்த அந்த வியாழக்கிழமைக்கு வந்தாள். முற்பகல் பதினொன்று இருபது.

கையில் ஏதோ தட்டியது. பூனை இல்லை. பூனை இப்படித் தட்டாது.

மெல்ல, மெல்ல, மெல்ல. இடைவெளி. மறுபடி மூன்று. இடைவெளி. மறுபடி மூன்று. கால் கிலோ பாரம் இருக்குமா? அதுகூட இருக்காது. செயலிழந்துகொண்டிருந்த ஒரு கையின் விரல்நுனி.

அமலி கையை எடுத்துவிட்டாள். அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை.

புரிந்துவிட்டதா கண்ணுகளா? தரை கேட்டிருந்தது. ஞானசவுந்தரி கூப்பிட்ட ஒவ்வொரு தட்டையும் கேட்டிருந்தது. ஐந்து கிலோவுக்குக் கீழே என்று தூசியில் தள்ளிவிட்டது. பால் காய்ச்சிய அன்று எல்லாரும் நல்ல காலால் ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தார்களே ஒழிய, விழுந்துகிடக்கிறவர் எவ்வளவு பலமாகத் தட்டுவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நிறுத்துப் பார்த்து அளவு போட்ட அமலிக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். சங்கம் வைத்த கெடுப்படி அதற்குள் கருவாட்டின் விரல் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் சண்முகக்கனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். அமலி வாயைத் திறந்தால் அவள் வேலை போகும். அதுகூடப் பெரிசில்லை. இந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டவரே கோயில்பிச்சை அண்ணாச்சிதான். அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கூட்டத்தில் நாலுபேர் நடுவில் அவர் அதைக் கேட்கும்படி விடவும் முடியாது.

சனிக்கிழமை சாயங்காலத் தேநீர் வேளைக்கு அவர் வீட்டு மணியை அழுத்தினாள்.

"வாம்மா. செருப்பைக் கழத்தாத, எங்க ஈரம் கெடக்குன்னு எனக்கே தெரியல," என்றார் கோயில்பிச்சை. எழுபத்தெட்டு வயசு, இஸ்திரி கலையாத சட்டை. கட்டில்மேல் பிளாஸ்டிக் விரிப்பு விரித்திருந்தது. வாசலருகே அந்தப் பழைய நாற்காலி. அதன் மெத்தையில் வெள்ளைச் சுருளாக மக்ரூன்.

"பெட்டி நிறைய மண்ணு போட்டு வச்சிருக்கேன், திரும்பிப் பாக்காது. கட்டில்லதான் ஒண்ணுக்கு இருக்கும். தொட்டா கடி. பதினோரு வருசமா என்கூட மல்லுக்கட்டுது. அவ தூக்கிட்டு வந்ததுன்னுதான் வச்சிருக்கேன். இல்லன்னா..."

"மண்ணு குத்துது அண்ணாச்சி. விரல் இல்லாத கையால மண்ணைத் தோண்டிப் பாத்தீகன்னா தெரியும்."

அவர் முகம் இறுகியது. "நாளைக்குக் கூட்டத்துக்கு இன்னைக்கே வந்துட்டியா? அமலி, அந்தக் கிரேன்காரம்மாமேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இன்னொரு வீட்டுல இன்னொரு பொம்பளை தட்டிக்கிட்டே கெடந்து சாகக்கூடாது. அதுக்குத்தான் விதி. வேற பேச்சு வேண்டாம்."

"தரை கேட்டுச்சு அண்ணாச்சி."

"என்னது?"

"மதினி தட்டினதைத் தரை கேட்டுச்சு. கிழிஞ்சதால கேக்காமப் போவல. அஞ்சு கிலோன்னு நான் போட்ட அளவுதான் அதை மறைச்சிருக்கு. நேத்துதான் எனக்கே தெரியும். பாதிக்குமேல என்னால கேக்க முடியல, கையை எடுத்துட்டேன்."

அமலி பலகையை மேசையில் வைத்து, அந்த நாளுக்குத் திருப்பி, விலகி நின்றாள். அவர் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு உள்ளங்கையை வைத்தார்.

"அவதான்," என்றார். "கோயில்ல பாட்டு பாடும்போது பெஞ்சுல இப்பிடித்தான் விரலால தட்டுவா. நான் திட்டுவேன்."

"அண்ணாச்சி..."

"பலகையை வச்சுட்டுப் போம்மா."

அமலி படியிறங்கினாள். மின்தூக்கியை அழைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

ஞாயிறு பத்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் சண்முகக்கனி, காலடியில் இரண்டு பெட்டி, மடியில் மீன்கூடை. "கையெழுத்து கேட்ட இடத்துல எல்லாம் போட்டாச்சு, நகம் எடுக்குற தாள்ல மட்டும் போட மாட்டேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டாக்டர் மர்யம் பீவி. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் செயலாளர் நேரத்துக்கு வரவில்லை.

பதினாலாம் மாடி வேதநாயகம் எழுந்தார். குரலும் வயிறும் பெரிய மனிதர். "இதுல யோசிக்க என்ன கெடக்கு? பூனை நகத்துக்காக மனுசன் சாவணுமா? சீக்கிரம் முடிங்க, பத்தரைக்கு எனக்கு இட்லி ஆறிரும்."

அமலி எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாயைத் திறக்கும்போது கதவு திறந்தது. கோயில்பிச்சை உள்ளே வந்தார். சட்டை கசங்கியிருந்தது. ஒரு கையில் பலகை. இன்னொரு கையில், நெஞ்சோடு அணைத்தபடி, மக்ரூன்.

"உக்காரும்மா அமலி," என்றார். "நான் பேசுதேன்."

பலகையை மேசையில் வைத்தார். பூனையை இறக்கவில்லை.

"என் வீட்டுக்காரி போன அன்னைக்கு அவ இருபத்திரெண்டு நிமிசம் தட்டியிருக்கா. தரை அதைத் தூசின்னு தள்ளியிருக்கு. அஞ்சு கிலோன்னு அளவு போட்டது இந்தப் பிள்ள. போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான். மணிச் சத்தம் காதைக் குடையுதுன்னு புகார் எழுதினது நீங்க. அதனால யாரும் யாரையும் பாக்க வேண்டாம்."

பலகையின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"அமலி பாதியில கையை எடுத்துட்டா. நான் எடுக்கல. கடைசிவரைக்கும் கேட்டேன்." பூனையை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டார். "முதல் தட்டு கேட்டதுமே ஒரு நாலு பாதம் ஓடி வருது. அவ கைகிட்டேயே சுத்திச் சுத்தி நிக்குது. அப்புறம் வாசலுக்கு ஓடுது. திரும்ப அவகிட்ட வருது. திரும்ப வாசலுக்கு. ஒம்பதாவது நிமிசத்துல பிராண்ட ஆரம்பிக்குது. அதுக்கு முந்தி அந்தத் தரையில ஒரு கீறல் கிடையாது. அவ தட்டு நின்ன பிறகும் நிறுத்தல. நான் கூட்டம் முடிஞ்சு வாரவரைக்கும், ஒண்ணே முக்கால் மணி நேரம், இந்தக் கதவைத் திறங்கடா திறங்கடான்னு பிராண்டியிருக்கு."

மக்ரூனின் முன்னங்காலை எடுத்து அவர் தன் உள்ளங்கையில் வைத்தார். அது கடிக்கவில்லை.

"அந்த வீட்டுல அவளுக்காகக் கத்தின ஒரே ஜீவன் இது. அந்தக் கீறலைச் சாட்சியா வச்சு இதோட பத்து விரலையும் நான் வெட்டினேன். அப்புறம் உங்க பூனைங்க எல்லாத்துக்கும் வெட்ட வச்சேன். விதியை எடுக்கணும்னு நானே முன்மொழியுதேன். வழிமொழிய யாராச்சும் இருக்கீகளா, இல்ல இட்லி ஆறுதா?"

முதலில் எழுந்தது வேதநாயகம்தான். மேசைக்கு வந்து பலகையில் கையை வைத்தார். அமலி அவருடைய சொந்தப் பூனையின் நடையைப் போட்டாள். அரை நிமிஷத்தில் அந்தப் பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோலக் கையை உதறினார். "என் ராஜாத்தி இப்பிடியா நடக்கா? சோம்பேறின்னுல்லா நெனச்சேன்." பின்னாலேயே வரிசை நீண்டது. ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக, பூனை வளர்க்காதவர்களும்கூட, ஒவ்வொருவராக வந்து கையை வைத்தார்கள். சிலர் தங்கள் விரல்களைத் தாங்களே பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஓட்டெடுப்பில் தூக்காத கை ஒன்றே ஒன்று. தூங்கிவிட்டிருந்த ஒன்பதாம் மாடி வாத்தியாருடையது. எழுப்பி விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் தூக்கினார்.

சண்முகக்கனி மீன்கூடையைத் திறந்துவிட்டாள். கருவாடு மேசைமேல் ஏறி, கூட்டக் குறிப்பேட்டின் அட்டையில் நகங்களைப் பதித்து, நிதானமாகச் சோம்பல் முறித்தான். கூடமே எழுந்து கைதட்டியது. அந்தக் கீறல் இன்றைக்கும் அந்த அட்டையில் இருக்கிறது, அதை மாற்றக்கூடாது என்று தனியாக ஒரு தீர்மானமும் உண்டு.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். வீட்டுக்கு ஒன்றாகப் பனங்கட்டையில் தேங்காய்நார்க் கயிறு சுற்றி நிறுத்தினார்கள். பூனைகளுக்கு உணர்தோலைவிட அதுதான் பிடித்திருந்தது, பதினோரு வருஷத்துக்கு முன்பே யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். இரண்டாம் சனிக்கிழமைதோறும் நகம் வெட்டும் நாள். நுனியை மட்டும். வெட்டுகிறவர் கோயில்பிச்சை, மூக்கு நுனியில் கண்ணாடி, பிடித்துக்கொள்கிறவள் கிரேன் ஓட்டிய கையுள்ள சண்முகக்கனி. எப்போதாவது படலத்தில் கீறல் விழுந்தால் அமலி அன்றைக்கே ஒட்டுப்போட்டுவிடுவாள். ஐந்து கிலோ என்ற அளவை அவளே அழித்தாள். அவள் கைகள் அத்தனை வருஷமாகக் கற்றிருந்ததை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். எது பூனை, எது விரல், எது உருளும் எலுமிச்சம்பழம் என்று தரை பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

மர்யம் பீவி அந்தப் பலகையோடு ஊர் ஊராகப் போனார். அதைப்போலவே நூறு பலகை செய்யவைத்தார். ஒரு நாள் சட்டசபைக்கே கொண்டுபோனார். பேசியதெல்லாம் இரண்டு நிமிஷம்தான், மீதி நேரம் உறுப்பினர்கள் வரிசையில் நின்று கையை வைத்தார்கள். இரண்டாம் வருஷம் சட்டம் வந்தது. பூனையின் விரலில் கை வைக்க இனி எவருக்கும் அனுமதியில்லை. லேசர் இயந்திரங்கள் என்ன ஆயின என்கிறீர்களா? கடைப்பலகைக்கு எழுத்து வெட்டப் போய்விட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளவை அழித்த இரண்டாம் மாசம், ஒரு புதன்கிழமை முற்பகல், தரையறையில் மணி அடித்தது. பதினாலாம் மாடி. பாரம் நூற்றைம்பது கிராம். மூன்று தட்டு. நர்ஸ் மூன்றரை நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார். நாற்காலியில் சரிந்திருந்தது வேதநாயகம். ராஜாத்தி அவர் கைப்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பிழைத்து வந்தவர் அமலியிடம் சொன்னார், "மூணு தட்டு போதும்னு தெரியும். பயத்துல முப்பது தட்டினேன். அதுக்குள்ள வந்துட்டாக, மிச்சத்தை நீயே வச்சுக்க."

மக்ரூனுக்குப் போன விரல் திரும்பவில்லை. அதை நான் மாற்றிச் சொன்னால் நீங்களே என்னை நம்பமாட்டீர்கள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள், மண்ணுக்குப் பதில் காகிதத்தைப் பஞ்சுபோலக் கிழித்துப் போட்டார்கள். கட்டில் விரிப்பு மடித்து வைக்கப்பட்டது. நாலு மாசம் கழித்து ஒரு மத்தியானம் அமலி நாலாம் மாடியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சூடு கொஞ்சம் தணிந்த மணலில் நடப்பதுபோல நாலு பாதம் நாற்காலியிலிருந்து இறங்கி, அறையைக் கடந்து, கோயில்பிச்சை உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனது. நின்றது. பிறகு பலகையில் ஒன்றுமே இல்லை. அமலி பதறிப்போனாள். ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது அவளுக்கு, பூனை தரையை விட்டு அவர் மடிக்கு ஏறியிருக்கிறது என்று.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் மெல்லத் தட்டினாலும் அது உங்களுக்குக் கேட்கட்டும். உங்கள் வாசலைப் பிராண்டுகிற எதுவும் நல்ல செய்தியோடு வரட்டும். கைக்கும் காலுக்கும் நோவில்லாமல், பெரியதும் சிறியதுமாக உங்கள் தரையில் நடக்கிற எல்லாப் பாதமும் மழைபோல நடக்கட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும், அந்த மடியில் தூங்குகிறதே, அதுவும், நன்றாக இருங்கள்.